புண்ணுக்கும் பசிக்கும்

வீட்டில் இனிப்புநீர் (நீரிழிவு) உள்ள ஒருவருக்குக் காலில் புண் வந்துவிட்டால், மருந்துக்கு முன்பே மாறிவிடுவது சாப்பாட்டுத் தட்டு. முட்டை கூடாது, சீழ் பிடிக்கும். மீன் கூடாது, அரிக்கும். இறால் பக்கமே போகாதே. கோழி சூடு. கருவாடா, வாயைத் திறக்காதே. இப்படி ஒவ்வொன்றாக எடுத்துவிட்ட பிறகு தட்டில் மிஞ்சுவது ரசஞ்சோறு, கஞ்சி, ஒரு கரண்டி கீரை. மலேசியாவில் செந்தூல் அடுக்குமாடியிலும் இதே பத்தியம்தான், பட்டர்வொர்த் தாமானிலும் இதே பத்தியம்தான். நாம் 'கரப்பான் பண்டம்', அதாவது அரிப்பைக் கிளப்பும் உணவு, என்று ஒதுக்குவதை அடுத்த வீட்டு மலாய்க்கார மக்சிக் (அத்தை) 'பீசா' என்று ஒதுக்குவார். ஆக, யாரைக் கேட்டாலும் ஒரே பதில்.

அன்பினால்தான் இதைச் செய்கிறோம். ஆனால் மூன்று வாரம் கழித்துக் கட்டைப் பிரிக்கும்போது தெரியும்: புண்ணின் தரை வெளிறிப்போய், ஈரமாக, சோர்ந்து கிடக்கும். ஓரத்துத் தோல் ஒரு மில்லிமீட்டர்கூட உள்ளே நகர்ந்திருக்காது. நல்ல சதை வளரும் புண் அப்படி இருக்காது. அதன் தரை மாதுளை முத்துகளை நெருக்கி அடுக்கியதுபோல் சிவந்து, மணிமணியாக, பளபளவென்று இருக்கும். அந்த மணி ஒவ்வொன்றும் புது ரத்தக் குழாயும் புதுப் புரத நாரும் சேர்ந்த முடிச்சு. புரதம் வராத உடம்பில் அந்த மணிகள் கட்டுவதற்குச் சரக்கு இல்லை.

தோல் கிழிந்த முதல் நொடியிலிருந்து வேலை முழுவதும் புரதத்தின் வேலைதான். ரத்தத்தில் ஃபைப்ரினோஜென் என்ற புரதம் கரைந்த நிலையில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. காயம் பட்டதும் திராம்பின் என்ற நொதி அதை நறுக்கிவிட, அது ஃபைப்ரின் நூலாக மாறி ஒன்றோடொன்று பின்னி வலையாகிறது. அந்த வலையில் ரத்த அணுக்கள் சிக்கி உறைகின்றன. பதின்மூன்றாம் உறைகாரணி என்று ஒன்று வந்து நூல்களுக்குக் குறுக்கே முடிச்சுப் போட்டு இறுக்குகிறது. இந்த இரண்டு புரதங்களையும், ஃபைப்ரினோஜெனையும் திராம்பினையும், தனித்தனிக் குழாயில் வைத்துக்கொண்டு அறுவை மருத்துவர்கள் பசைபோலப் பயன்படுத்துகிறார்கள் என்றால் அதன் பிடிப்பு எப்படிப்பட்டது என்று பாருங்கள்.

ரத்தத்தை அடைப்பதோடு இந்த வலையின் வேலை முடிவதில்லை. அடுத்து வரும் செல்கள் ஏறி நடக்கும் சாரமும் அதுதான். வலைக்குள் சிக்கிய பிளேட்லெட்டுகள் வளர்ச்சிக் காரணிகள் என்னும் சிறு புரதங்களை வெளியே விடுகின்றன. அவை ஆள் அனுப்பிக் கூப்பிடும் வேலையைச் செய்கின்றன. சில மணி நேரத்தில் நியூட்ரோபில்கள் வந்து கிருமியைத் தின்னும். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் வாக்கில் மேக்ரோஃபேஜ்கள் வந்து செத்த சதையை அள்ளும். பிறகு ஃபைப்ரோபிளாஸ்ட்கள் வந்து கொலாஜன் நார்களை நெய்யத் தொடங்கும். மேலே, ஓரத்துத் தோல் செல்கள் ஈரமான தரைமீது ஊர்ந்து ஊர்ந்து நடுவுக்கு வரும். முதல் இரண்டு மூன்று நாள் காயத்தைச் சுற்றி லேசாகச் சிவந்து, வீங்கி, சுடுவது இந்த வேலையின் அடையாளம். நாளுக்கு நாள் அது குறைய வேண்டும். குறையாமல் பரவினால்தான் பயப்பட வேண்டும்.

கொலாஜன் நாரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சாப்பாட்டுக்கும் புண்ணுக்கும் உள்ள முடிச்சு இங்கேதான் இருக்கிறது. மூன்று இழைகளை முறுக்கித் திரித்த கயிறு அது. இழையில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற சிறிய அமினோ அமிலம் உட்கார்ந்திருக்கும்; அது சின்னதாக இருப்பதால்தான் கயிறு நெருக்கமாகத் திரியும். இடையிடையே வரும் புரோலினில் ஒரு சிறு வேதி மாற்றம் நடந்தால்தான் முறுக்கு அவிழாமல் நிற்கும். அந்த மாற்றத்துக்கு வைட்டமின் சி வேண்டும், இரும்புச் சத்து வேண்டும், ஆக்சிஜன் வேண்டும். மூன்றில் எது குறைந்தாலும் கயிறு தளர்ந்துவிடும். புகைப்பவரின் புண் ஆறத் தாமதமாவதற்கு ஆக்சிஜன் குறைவதும் ஒரு காரணம்.

1939இல் பாஸ்டனில் ஜான் கிராண்டன் என்ற இளம் அறுவை மருத்துவர் வைட்டமின் சி இல்லாத உணவை ஆறு மாதம் தானே சாப்பிட்டுப் பார்த்தார். மூன்றாம் மாதம் தன் முதுகில் போட்டுக்கொண்ட வெட்டு ஒழுங்காக ஆறியது. ஆறாம் மாதம் போட்ட வெட்டு மேலே மூடியதுபோல் இருந்தும் உள்ளே ஆறவே இல்லை. வைட்டமின் சி கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் அது ஆறியது. மேல்தோல் மூடிவிட்டது என்பதை வைத்து உள்ளே கட்டடம் எழும்பிவிட்டது என்று நினைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

தையல் பிரித்தவர்களும் இதை மனத்தில் வைக்க வேண்டும். முகத்தில் ஐந்து நாள் வாக்கில் தையலை எடுத்துவிடுவார்கள். கை காலில் 10 முதல் 14 நாள். அப்போது அந்த இடத்தின் வலிமை பழைய தோலில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். மூன்று வாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. முதலில் அவசரமாகப் போட்ட மூன்றாம் வகைக் கொலாஜனைப் பிய்த்துவிட்டு உறுதியான முதலாம் வகையை வைத்துக் கட்டும் வேலை மாதக் கணக்கில் நடக்கும். எல்லாம் முடிந்த பிறகும் வலிமை 80 விழுக்காட்டைத் தாண்டாது. தையல் எடுத்த மறுநாளே எரிவாயு சிலிண்டரைத் தூக்கியவர்களுக்குக் காயம் பிளந்துகொள்வது இதனால்தான்.

தட்டில் எவ்வளவு?

காயம் இல்லாத பெரியவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 0.8 கிராம் புரதம் என்பது பொதுக் கணக்கு. படுக்கைப் புண் உள்ளவர்களுக்கு, சத்துக் குறைவு இருந்தால், அனைத்துலக வழிகாட்டிகள் சொல்வது 1.25 முதல் 1.5 கிராம். ஆறாத மற்றப் புண்களுக்கும் உணவு நிபுணர்கள் பெரும்பாலும் இந்த அளவையே எடுத்துக்கொள்கிறார்கள். 60 கிலோ எடையுள்ள ஒரு அம்மாவுக்கு அது 75 முதல் 90 கிராம்.

இப்போது பத்தியத் தட்டைக் கூட்டிப் பார்ப்போம். காலையில் இரண்டு இட்லி, தேங்காய்ச் சட்னி: சுமார் 5 கிராம். மத்தியானம் இரண்டு கப் சோறு, ரசம், கீரை: 11 கிராம் அளவில். சாயந்திரம் பால் தேத்தண்ணியும் இரண்டு பிஸ்கட்டும்: 3. இரவு கஞ்சி, துவையல்: 5. மொத்தம் 24. தேவைப்படுவதில் மூன்றில் ஒரு பங்கு. அதிலும் பெரிய புண் என்றால் ஊறி வடியும் நீரோடு நாள்தோறும் புரதம் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. உடம்பு சும்மா இருக்காது. தொடையிலும் கையிலும் உள்ள தசையைக் கரைத்து அந்த இடத்துக்கு அனுப்பப் பார்க்கும். புண்ணோடு ஒரு மாதம் படுத்த வயதானவர்கள் எழுந்து நிற்கத் தடுமாறுவதில் இதற்கும் பங்கு உண்டு.

அதே தட்டை மாற்ற அதிகம் செலவாகாது. இரண்டு முட்டை என்றால் 12 கிராம். உள்ளங்கை அளவு மீன் துண்டு, 100 கிராம் இருந்தால், 20 கிராம். கோழி நெஞ்சுக்கறி 100 கிராம் வேகவைத்தது 30 கிராம்வரை தரும். சைவம் என்றால் புளிக்கவைத்த சோயாக் கட்டியான தெம்பே நமக்கு இங்கே கிடைத்த வரம்: 100 கிராமில் ஏறக்குறைய 19 கிராம் புரதம். சௌராஸ்தா சந்தையிலும் சௌகிட் சந்தையிலும் வாழை இலையில் கட்டியது மலிவாகக் கிடைக்கும். கெட்டித் தோஃபு 100 கிராமில் 12 கிராம் அளவில். ஒரு டம்ளர் பாலில் 7. ஒரு கைப்பிடி கச்சானில் (நிலக்கடலையில்), 30 கிராம் அளவில், 7. பருப்பை ஒரு கிண்ணம் கெட்டியாகக் கடைந்து சாப்பிட்டால் 12 கிராம் வரும். ஆனால் சாம்பார் தண்ணீரில் மிதக்கும் பருப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள். 'தினமும் சாம்பார் ஊத்திக்கிறேனே' என்று சொல்பவர் கிண்ணத்தில் பருப்பு இரண்டு தேக்கரண்டிகூட இருக்காது.

ஆக மேலே சொன்ன அம்மாவுக்கு: காலை இட்லியோடு இரண்டு முட்டை, மத்தியானச் சோற்றில் ஒரு பங்கைக் குறைத்து ஒரு துண்டு மீன், மாலையில் தேத்தண்ணிக்குப் பதில் ஒரு டம்ளர் பாலும் கச்சானும், இரவுக் கஞ்சியோடு 50 கிராம் தெம்பே வறுவல். ஏறக்குறைய ஐம்பது கிராம் கூடிவிட்டது. ஒரே வேளையில் மொத்தத்தையும் திணிப்பதைவிட வேளைக்கு 20, 25 கிராமாகப் பிரிப்பது நல்லது. பல் இல்லாத பாட்டிக்கு முட்டையைக் கஞ்சி கொதிக்கும்போதே அடித்து ஊற்றிக் கலக்கலாம். மீனை அவித்து, முள் எடுத்து, பிசைந்து கொடுக்கலாம். நெத்திலியை வறுத்துப் பொடித்து வைத்துக்கொண்டால் எதிலும் தூவலாம். உப்பைக் கழுவிவிட்டு வறுக்க வேண்டும்.

சோற்றை முழுக்க நிறுத்திவிடுவது இன்னொரு தவறு. இனிப்புநீர் என்று பயந்து சோறும் இல்லை, ரொட்டியும் இல்லை என்று ஆக்கிவிட்டால் உடம்பு உள்ளே வரும் புரதத்தையே விறகாக எரிக்கும். கிலோவுக்கு 30 முதல் 35 கலோரி வந்தால்தான் புரதம் கட்டட வேலைக்கு மிஞ்சும். 60 கிலோவுக்கு அது 1,800 முதல் 2,100 கலோரி.

பழத்தில் கொய்யாவை விட்டுவிடாதீர்கள். ஆரஞ்சைவிட வைட்டமின் சி அதிகம், ரத்தத்தில் சர்க்கரையை மெதுவாகத்தான் ஏற்றும். சமைக்காமல் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

முட்டை சீழ் வைக்கும் என்ற பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். சீழ் என்பது கிருமியோடு சண்டை போட்டுச் செத்த வெள்ளை அணுக்களின் குவியல். கிருமி உள்ளே போனால் சீழ் வரும். தட்டில் முட்டை இருந்ததா என்பதை அது கேட்பதில்லை. அரிப்பும் அப்படித்தான். ஆறும் புண்ணில் நரம்பு நுனிகள் துளிர்ப்பதும், வேலை செய்யும் செல்கள் ஹிஸ்டமின் விடுவதும் அரிக்கும். அன்றைக்குச் சாப்பிட்ட இறால்மீது பழி விழுந்துவிடுகிறது. இறால் சாப்பிட்டதும் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்குபவர் இருக்கிறார். அவருக்கு ஒவ்வாமை, புண் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் இறாலைத் தொடக் கூடாது. மற்றவர்களை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஒரே ஒரு கூட்டத்தாருக்கு இந்தக் கணக்கை அப்படியே சொல்ல முடியாது: சிறுநீரகம் பழுதானவர்கள். டயாலிசிஸுக்கு முந்தைய நிலையில் புரதத்தைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள்; டயாலிசிஸ் தொடங்கியவர்களுக்குக் கூட்டச் சொல்வார்கள். இவர்கள் தாமாக ஏற்றவும் கூடாது, இறக்கவும் கூடாது. காலில் புண் இருப்பதை உணவு நிபுணரிடம் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். அரசாங்க மருத்துவமனைகளில் உணவு நிபுணர் இருக்கிறார். மருத்துவரிடம் கேட்டால் அனுப்பிவைப்பார். கேட்காததால்தான் பலர் அவரைப் பார்ப்பதே இல்லை.

விரால் மீனைப் பற்றிக் கேட்காதவர் கிடையாது. ஹாருவான் என்று மலாய்க்காரர்கள் பிரசவத்துக்கும் அறுவைக்கும் பிறகு கொடுப்பார்கள். நம் வீடுகளிலும் அந்தப் பழக்கம் உண்டு. பத்தியத்தில் மீனையெல்லாம் விலக்கும் வீட்டில்கூட விராலுக்கு மட்டும் கதவு திறந்திருப்பது நல்ல விஷயம். நல்ல புரதம், கொலாஜனுக்கு வேண்டிய கிளைசினும் அதில் நிறைய. உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் அதன் சாற்றை ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் சூப்பை வடித்துக் குடித்துவிட்டுச் சதையைக் கொட்டிவிட்டால் புரதத்தின் பெரும்பகுதி குப்பைக்குப் போகிறது. சதையைச் சாப்பிட வேண்டும். விரால் கிடைக்காத நாளில் கெம்பூங் (கானாங்கெளுத்தி) மீனும் அதே வேலையைச் செய்யும்.

கொலாஜன் பானப் பொட்டலங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. குடித்த கொலாஜன் நேராகப் புண்ணுக்குப் போய் ஒட்டிக்கொள்வதில்லை. வயிற்றில் துண்டு துண்டாகிறது. டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் அதில் கிடையாது, ஆகவே அது முழுமையான புரதமும் இல்லை. ஒரு முட்டை ஒரு வெள்ளிக்கும் குறைவு. கையில் பணம் இருந்து குடித்தால் குடிக்கட்டும். முட்டையை நிறுத்திவிட்டு இதைக் குடிப்பதுதான் மனத்தை வருத்துகிறது.

கட்டு மாற்றும்போது

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். முட்டை வெள்ளையைக் கொஞ்சம் சிறு தட்டில் ஊற்றி, அதன்மேல் ஸ்பிரிட் சில சொட்டு விடுங்கள். அடுப்பே இல்லாமல் வெள்ளை வெள்ளையாகத் திரியும். புரதத்தின் மடிப்பு அவிழ்ந்து கெட்டுப்போவது கண்முன்னால் தெரியும். திறந்த புண்ணில் ஸ்பிரிட் ஊற்றும்போது மாதுளை முத்துபோல் கட்டிய புதுச் சதைக்கு நடப்பதும் இதுதான். ஹைட்ரஜன் பெராக்சைடு பொங்குவதைப் பார்த்துக் கிருமி சாகிறது என்று மகிழ வேண்டாம். ரத்தத்திலும் நம் செல்களிலும் இருக்கும் கேட்டலேஸ் என்ற நொதி அதை உடைப்பதால் வரும் நுரை அது. சுத்தமான புண்ணிலும் பொங்கும். ஐயோடின் கிருமி பிடித்த புண்ணுக்குச் சில நாள், மருத்துவர் சொன்னால். சிவந்து வளரும் சுத்தமான புண்ணில் நாள்தோறும் ஊற்றினால் நார் நெய்யும் செல்களும் சேர்ந்து சாகக்கூடும். அக்ரிஃபிளாவின் என்ற மஞ்சள் மருந்து சுற்றியுள்ள தோலைச் சாயமடித்துவிடுவதால் சிவப்பு பரவுகிறதா என்று யாராலும் பார்க்க முடியாது. காப்பித்தூள், சமையல் மஞ்சள்தூள், பற்பசை, திருநீறு எதுவும் திறந்த புண்ணில் வேண்டாம். திருநீறு நெற்றிக்கு.

மருந்துக்கடையில் 0.9 விழுக்காடு உப்புநீர், 500 மில்லி புட்டியில் கிடைக்கும். திறந்த புட்டியை 24 மணி நேரத்துக்குமேல் புண்ணுக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. அதற்கு வசதி இல்லையென்றால் கொதிக்கவைத்து மூடி ஆறவைத்த தண்ணீர் போதும். முதலில் சவர்க்காரம் போட்டு ஒரு நிமிடம் கை கழுவ வேண்டும், விரல் இடுக்கு, கட்டைவிரல், நக நுனி உட்பட. பழைய கட்டு ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். உப்புநீரை அதன்மேல் நனைய விட்டு ஐந்து, பத்து நிமிடம் காத்திருங்கள். ஒட்டிய காஸ் துணியைப் பிடுங்கும்போது சின்னச் சின்ன ரத்தப் புள்ளிகள் வரும். நேற்றும் இன்றும் கட்டிய புது ரத்தக் குழாய்களைப் பிய்த்துவிட்டோம் என்று அர்த்தம். வயதானவர்களின் தோலில் ஒட்டுப் பிளாஸ்டரைத் தோலோடு தோலாகப் படுக்கவைத்து, மறு கையால் தோலை அமுக்கிக்கொண்டு, மெதுவாக உரிக்க வேண்டும். மேல்நோக்கி வெடுக்கென்று இழுத்தால் மேல்தோலும் சேர்ந்து வரும். ஒரு புண் இரண்டாகும்.

கழுவும்போது தேய்க்க வேண்டாம். ஊற்றிக் கழுவி, காஸ் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். பஞ்சு கூடாது, இழை உள்ளே தங்கும். தரையில் மஞ்சளாக, பாலாடைபோல் ஒட்டிக்கொண்டிருப்பது எல்லாம் சீழ் இல்லை. அது ஃபைப்ரினும் செத்த சதையும் கலந்த படலம். அதை நகத்தாலும் கத்திரியாலும் வீட்டில் சுரண்டாதீர்கள். கிளினிக்கில் மிஸ்ஸி (தாதி) அல்லது மருத்துவர் பார்த்து எடுக்க வேண்டிய வேலை அது. ஆனால் எடுக்கப்பட வேண்டும், விட்டுவைக்கக் கூடாது.

காற்றாட விட்டால் சீக்கிரம் காயும் என்ற பேச்சைக் கேட்டுப் புண்ணைத் திறந்து போடுபவர்கள் அதிகம். காயும், உண்மைதான். ஆனால் ஆறத் தாமதமாகும். 1962இல் ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் காட்டியது: ஈரம் காக்க மூடிவைத்த காயத்தில் மேல்தோல், திறந்து காய்ந்த காயத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக மூடியது. பொருக்கு என்பது காய்ந்த ஃபைப்ரினும் ரத்தமும். ஓரத்திலிருந்து வரும் தோல் செல்கள் அந்தக் கட்டாந்தரையில் ஊர முடியாமல் அடியில் ஈரம் தேடித் தோண்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. ஆகவே புண்ணின் மேல் ஒட்டாத கட்டு, அதற்குமேல் உறிஞ்சும் பஞ்சுத் திண்டு. நீர் நிறைய வடிந்தால் ஃபோம் அல்லது கடற்பாசியில் செய்த ஆல்ஜினேட். வறண்டு கிடந்தால் ஹைட்ரோஜெல். சுற்றியுள்ள தோல் துணி துவைத்த விரல்போல் வெளுத்துச் சுருங்கினால் ஈரம் அதிகம். கட்டை இன்னும் அடிக்கடி மாற்றுங்கள், அல்லது அதிகம் உறிஞ்சும் வகைக்குப் போங்கள்.

நின்றுபோன புண்

சில புண்கள் எல்லாம் செய்தும் நகராது. அங்கே கட்டுபவர்களைவிடப் பிரிப்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டீஸ் என்னும் துத்தநாகம் ஏந்திய நொதிகள் பழைய கொலாஜனை வெட்டி வழிவிடுவதற்காக இருப்பவை. கொஞ்சமாக இருந்தால் நல்லது. கிருமிப் படலமும் செத்த சதையும் தங்கிய புண்ணில் அவை கட்டுமீறிப் பெருகி, புதிதாக நெய்த நாரையும் அறுக்கின்றன, செல்களைக் கூப்பிட வந்த வளர்ச்சிக் காரணிகளையும் அறுக்கின்றன. அமெரிக்காவில் இனிப்புநீர்க் கால் புண்ணுக்காக 1997இல் அனுமதி பெற்ற பெகாப்ளர்மின் என்ற வளர்ச்சிக் காரணிப் பூச்சைக்கூட, சுத்தம் செய்த, ரத்த ஓட்டம் உள்ள புண்ணில்தான் பயன்படுத்தச் சொன்னார்கள். சேற்றில் விதைத்தால் முளைக்காது.

இந்த நொதிகளுக்கு இரையாகட்டும் என்று கொலாஜனாலேயே செய்த கட்டுகளும் உண்டு. அவற்றில் பல மாட்டுக் கொலாஜன், சில பன்றி, சில மீன். நம் வீடுகளில் இது முக்கியம். போட்ட பிறகு தெரிந்து மனம் வருந்துவதைவிட, 'இது எதிலிருந்து எடுத்தது?' என்று முன்பே கேட்டுவிடுங்கள். மாற்று இருக்கிறது, கேட்பதில் தவறே இல்லை.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் இவற்றில் எதுவும் நடக்காது. அளவு தொடர்ந்து லிட்டருக்கு 10 மில்லிமோலுக்கு மேல் நின்றால் கிருமி தின்னும் அணுக்கள் சோம்பிவிடும். சர்க்கரை கொலாஜன் நாரோடு ஒட்டி அதை விறைப்பாக்கும். 2019 தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர்; இனவாரியாக இந்தியர்களான நாம்தான் முன்னால். புண்ணுக்காக வாங்கும் 'மூலிகை' மாத்திரையிலும் கவனம் வேண்டும். வலியும் வீக்கமும் மறுநாளே மாயமாக மறைந்தால் அதில் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். இப்படிக் கலப்படம் செய்த பொருள்களைச் சுகாதார அமைச்சு பலமுறை பிடித்து எச்சரித்திருக்கிறது. ஸ்டீராய்டு கொலாஜன் நெய்வதையே அடக்கும், சர்க்கரையையும் ஏற்றும். பெட்டியில் எம்ஏஎல் (MAL) என்ற அரசாங்கப் பதிவு எண் இல்லாத மருந்தை வாங்காதீர்கள்.

உள்ளங்கால் புண் என்றால் நடையும் எதிரி. பகல் முழுக்கச் செல்கள் நெய்ததை நான்கு அடியில் நசுக்கிவிடலாம். புண்மேல் பாரம் விழாமல் காக்கும் சிறப்புக் காலணி கிளினிக்கில் கேட்க வேண்டிய பொருள். தைப்பூச மாதத்தில் இது இன்னும் கூடும். மத்தியானத் தாரில் வெறுங்காலோடு நடந்து, பினாங்குத் தண்ணீர்மலையின் 513 படிகளோ பத்துமலையின் 272 படிகளோ ஏறும் இனிப்புநீர்க்காரருக்குக் கால் கொப்பளித்தது வலியாகத் தெரியாமலே போகும். நடக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டவர், பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால், மாலை வெயில் தணிந்தபின் கெட்டிக் காலுறையோடு நடக்கட்டும். வீடு திரும்பியதும் கண்ணாடியைக் கீழே வைத்து உள்ளங்காலைப் பார்க்கட்டும். திறந்த புண் ஏற்கெனவே இருந்தால் இந்த ஆண்டு வேறு விதமாக நேர்த்திக்கடன் செலுத்தலாம். 48 நாள் சைவ விரதத்தில் தெம்பே, தோஃபு, கடைந்த பருப்பு, தயிர், கச்சான் இவற்றைக் கூட்டினால் புண் பட்டினி கிடக்காது.

வாரம் ஒரு முறை, அதே கிழமையில், புண்ணுக்குப் பக்கத்தில் அளவுகோலை வைத்து ஒரே உயரத்திலிருந்து படம் எடுங்கள். நீளத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் எழுதிவையுங்கள். இனிப்புநீர்க் கால் புண்ணின் பரப்பு நான்கு வாரத்தில் பாதியாகக் குறையவில்லை என்றால், அதே கட்டைத் தொடர்வதில் பயன் இல்லை. ரத்த ஓட்டம், எலும்பில் கிருமி, பாரம், சாப்பாடு எல்லாவற்றையும் திரும்பப் பார்க்கச் சொல்ல வேண்டும். போகும்போது அந்தப் படங்களையும், கடைசி மூன்று நாள் சாப்பிட்டதை எழுதிய தாளையும், சாப்பிடும் மருந்துகளையும் கையோடு கொண்டுபோங்கள். சிவப்பு ஓரத்தைத் தாண்டிப் பரவினாலும், நாற்றம் மாறினாலும், காய்ச்சலோ குளிரோ வந்தாலும், விரல் கறுத்தாலும் நான்கு வாரக் கணக்கெல்லாம் கிடையாது. வலி இல்லை என்றாலும் அன்றிரவே அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.